பில் கேட்காத வாய்

நான் விற்ற போன் திருட்டுப் போன். விற்கும்போது அது உனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்பது முக்கால் உண்மை. தெரியாது என்பது முழுப் பொய். அந்த மீதிக் காலுக்குள்தான் ரொம்ப காலம் ஒளிந்துகொண்டிருந்தேன். வீட்டில் சொல்லவில்லை. வேலை செய்யும் இடத்தில் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

எனக்குப் புதுவாயலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. உள்ளே வருகிற சரக்கைச் சரிபார்க்கும் பிரிவு. கும்மிடிப்பூண்டி பக்கம் உருக்கு ஆலைகளும் ரோலிங் மில்களும் நிறைய என்பது ஊரறிந்த விஷயம். அங்கிருந்து வந்தாலும் வெளியூரிலிருந்து வந்தாலும், கம்பியோ தகடோ, சரக்கோடு டெஸ்ட் சர்டிபிகேட் வந்தாக வேண்டும். அந்தத் தாளில் ஒரு ஹீட் நம்பர் இருக்கும். எந்த உருக்கில் வார்த்த இரும்பு என்பதைச் சொல்லும் எண் அது. அதே எண் தகட்டின் மேலும் பெயிண்டில் எழுதியிருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் லாரியை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவேன். டிரைவர் கெஞ்சுவார், பர்ச்சேஸ் ஆபீசிலிருந்து போன் வரும், "இந்த ஒரு தடவை" என்பார்கள். நான் அசைய மாட்டேன். தாள் இல்லாத சரக்கு சரக்கே இல்லை என்று புதுப் பையன்களுக்குப் பாடம் எடுப்பேன். அந்த நான்தான் பில் இல்லாமல், டப்பா இல்லாமல், சார்ஜர்கூட இல்லாமல் ஒரு போனை வாங்கி, பத்திரமாகப் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ரயிலேறி வந்தேன்.

இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. எங்கள் ஷிஃப்டில் யார் போன் வாங்கினாலும் என்னைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். "அண்ணே, எட்டாயிரத்துக்குள்ள ஒண்ணு பாத்துச் சொல்லுண்ணே" என்று கேன்டீனில் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். அந்தக் காசுக்குப் புதுசு வாங்காதே, மூன்று நான்கு வருஷத்துக்கு முன் முப்பதாயிரத்துக்கு விற்ற போனை செகண்ட்ஸில் தேடு என்பேன். இந்தக் கருத்தில் இன்றும் மாற்றம் இல்லை. விலை குறைந்த புதுப் போனில் பெரும்பாலும் இ.எம்.எம்.சி. என்கிற மெதுவான ஸ்டோரேஜைத்தான் வைப்பார்கள். வருஷம் ஒன்று போனால் வாட்ஸாப் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். ஒரு காலத்தில் விலை கூடுதலாக விற்ற போனில் யு.எஃப்.எஸ். இருக்கும், வயதானாலும் ஓடும். கேமராவும் திரையும் அப்படியே.

பழைய போனில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று பேட்டரி. லித்தியம் பேட்டரி ஐநூறு தடவை முழுசாக ஏறி இறங்கினால் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பது பொதுவான கணக்கு. போனால் போகட்டும், மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது செக்யூரிட்டி அப்டேட். 2015-ல் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற ஓட்டை வெளியே வந்தது, ஒரு எம்.எம்.எஸ். அனுப்பியே அடுத்தவர் போனுக்குள் புகுந்துவிடலாம் என்றார்கள். அதன் பிறகுதான் கூகுள் மாதாமாதம் பேட்ச் விடத் தொடங்கியது. கம்பெனிகள் அதைப் பழைய போன்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் லட்சணம் வேறு கதை. 2023 அக்டோபரில் பிக்ஸல் 8 வந்தபோது கூகுளும், 2024 ஜனவரியில் எஸ்24 வந்தபோது சாம்சங்கும் ஏழு வருஷ அப்டேட் தருவதாக அறிவித்தன. நம் பட்ஜெட்டில் செகண்ட்ஸாகக் கிடைப்பவை அதற்கு முந்தைய காலத்தவை. அதனால் செட்டிங்ஸில் போய் பேட்ச் தேதியைப் பார், ரொம்பப் பழசாக இருந்தால் அந்தப் போனில் பணம் அனுப்பும் ஆப் எதையும் வைக்காதே என்பேன். இதெல்லாம் நான் இலவசமாகக் கொடுத்த அறிவுரை, நல்ல அறிவுரையும்கூட.

எங்கள் பக்கத்துக்குப் போன் ஒன்றும் தூரத்துச் சரக்கில்லை. ஜி.என்.டி. ரோட்டில் வடக்கே போனால் எளாவூர் செக்போஸ்ட், ஆரம்பாக்கம், அப்புறம் தடா, அதை ஒட்டி ஸ்ரீசிட்டி. ஷாவ்மி கம்பெனி இந்தியாவில் தயாரித்த முதல் போனான ரெட்மி 2 பிரைம், 2015 ஆகஸ்டில் அங்கே இருக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்துதான் வந்தது. விலை 6,999 ரூபாய். அந்த விலையில் ஒரு ஸ்மார்ட்போன் என்பது அன்றைக்குப் பெரிய சங்கதி. அடுத்து 2017 ஜனவரியில் ரெட்மி நோட் 4 வந்தது. கவரப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ஷிஃப்டுக்கு நடக்கிற கூட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் போன்தான். அப்போது வாங்கியவர்கள் எல்லாம் அடுத்த போனுக்குப் போயிருக்கிறார்கள். பழசு எங்கே போகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. அது தம்பிக்குப் போகும், அப்பாவுக்குப் போகும், கடைக்குப் போகும். கடையில் அதன் பக்கத்தில் வேறு வழியாக வந்த போன்களும் படுத்திருக்கும்.

"அன்லாக் போன்தானே?" என்று பையன்கள் கேட்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் பேசுவதைக் கேட்டு வந்த கேள்வி அது. அமெரிக்காவில் போன் கம்பெனிக்காரனே தவணையில் போன் கொடுத்து, தன் சிம்மைத் தவிர வேறு சிம் ஓடாதபடி பூட்டிவிடுவான். நம் ஊரில் அந்தப் பழக்கம் குறைவு. 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குக் கொடுத்த சி.டி.எம்.ஏ. போனும், 2017-ல் வந்த ஜியோபோனும் அந்த வகை. மற்றபடி இங்கே விற்கிற ஆண்ட்ராய்டு பெரும்பாலும் எந்த சிம் போட்டாலும் ஓடும். அமெரிக்காவிலிருந்து வந்தது என்று பளபளவென்று ஒன்றைக் காட்டினால், ஜியோவில் கால் போகிறதா என்று பேசிப் பார். ஜியோவில் 4ஜி அல்லது 5ஜி வழியாகத்தான் குரலே போகும், அங்கே விற்ற மாடல் சிலவற்றில் அது இங்கே எடுபடாது என்று சொல்லிக்கொடுப்பேன். தவணைக் கடன் பாக்கியுள்ள போனில் கடன்காரன் பூட்டு இருக்கலாம் என்பேன். எல்லாவற்றுக்கும் மேலாக கூகுள் பூட்டு. அதை நான் நன்றாக விளக்குவேன். ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து எஃப்.ஆர்.பி. என்று ஒன்று இருக்கிறது. போனின் சொந்தக்காரன் தன் கணக்கை நீக்காமலிருக்க, வேறு யாராவது பட்டன்களை அழுத்தி அதை ரீசெட் செய்தால், போன் திறக்கும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். கேட்டால் என்ன அர்த்தம்? சொந்தக்காரன் தானாக விற்கவில்லை என்று அர்த்தம். கேன்டீன் மேசையில் தட்டி இதைச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே, விவரம் தெரியாமல் ஏமாந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

சென்னையில் ஒரு சந்துக்குள் இருந்த சின்னக் கடை. எந்தச் சந்து என்பது வேண்டாம். போனின் கம்பெனிப் பெயரும் வேண்டாம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. வந்த காலத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல் விற்ற போன். எங்கள் ஆலையின் மேனேஜர் ஒருவர் அதே போனை வைத்திருந்தார். பூஜைக்கு எடுத்த குரூப் போட்டோவை அதில் பார்த்ததிலிருந்தே எனக்கு ஒரு கண். கடைக்காரர் கேட்டது 6,500. வெளி விலையில் அது பாதிக்கும் கீழே. அங்கேயே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும், அடித்தது.

ஆன் செய்ததும் பழைய கூகுள் கணக்கைக் கேட்டது திரை. நான் அவரைப் பார்த்தேன். "அது ஒண்ணுமில்ல சார், கஸ்டமர் பாஸ்வேர்டு மறந்துட்டாரு" என்று சொல்லி, பின்னால் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த பையனிடம் நீட்டினார். கொடுப்பதற்கு முன் ட்ரேயைக் குத்தித் திறந்தார். உள்ளே ஒரு சிம் இருந்தது. அதை நகத்தால் நெம்பி எடுத்து, மேசைக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டியில் போட்டார். பெட்டியில் அதுபோல நிறைய சிம்கள் கிடந்தன.

போனை விற்கிறவன் யாராவது தன் சிம்மை உள்ளேயே விட்டுவிட்டு விற்பானா?

இந்தக் கேள்வி அப்போதே எனக்கு வந்தது. பாஸ்வேர்டை மறந்திருக்கலாம், சிம்மையும் மறந்திருக்கலாம், பெரிய மனுஷன் யாராவது அவசரத்தில் தள்ளிவிட்டிருக்கலாம் என்று நானே கடைக்காரருக்காக வாதாடினேன். அவர்கூட அத்தனை காரணம் சொல்லவில்லை. பில் கேட்க வாய் வந்தது. கேட்டால் விலை ஏறிவிடும் அல்லது போனை உள்ளே வைத்துவிடுவார் என்று பயந்து மூடிக்கொண்டேன்.

செய்ய வேண்டிய வேலை ரொம்பச் சின்னது. ஸ்டார், ஹாஷ், சைபர் ஆறு, ஹாஷ் என்று அழுத்தினால் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்று மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த எண். இதை 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், முடக்கப்பட்ட போனா, ஒரே எண் பல போன்களில் ஓடுகிறதா என்பது பதிலில் தெரிந்துவிடும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் நாடு முழுக்கத் திறந்த சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். போனைத் தொலைத்தவர் போலீசில் புகார் கொடுத்து, அந்தத் தளத்தில் பதிந்தால், இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் ஓடாமல் செய்துவிடுவார்கள். பையன்களுக்கு இதையும் சொல்லிக்கொடுத்தவன் நான். என் பழைய போன் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. பதில் என்ன வரும் என்ற பயம். மோசமான பதில் வந்தால் போனை வைத்துவிட்டு வர வேண்டும், அதற்கு மனசில்லை.

சில மாதம் நன்றாகவே ஓடியது. போட்டோ எடுத்தேன், எல்லோரிடமும் காட்டினேன், விலையைச் சொல்லிப் பாராட்டு வாங்கினேன். பிறகு ஒருநாள் பேப்பரில் ஒரு படம். இந்த மாதிரிப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எஸ்.பி. அலுவலகத்தில் நீள மேசை, அதன்மேல் வரிசையாக அடுக்கிய போன்கள், பின்னால் அதிகாரிகள், பறிகொடுத்தவர்கள் கையில் திருப்பிக் கொடுக்கிறார்கள். தொலைந்ததாகப் பதிந்த போனில் வேறு யாராவது சிம் போட்டால் அந்தத் தகவல் போலீசுக்குப் போய்விடும். அதை வைத்துத்தான் பிடிக்கிறார்கள். டீக்கடையில் அதைப் படித்தபோது வயிறு கலங்கியது. இன்னும் ஒருவர் புகார் பதியவில்லை என்பதால் மட்டுமே என் பாக்கெட்டில் போன் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துபோயிற்று.

அன்றைக்காவது கவரப்பேட்டை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம். நான் ஆள் தேடினேன்.

லோடிங்கில் ஒடிசாப் பையன் ஒருவன் இருந்தான். காண்டிராக்டர் மூலம் வந்தவன், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். கற்றுக்கொண்ட தமிழில் என்னை "அண்ணா" என்பான். திரை உடைந்த ஒரு போனை வைத்துக்கொண்டு, ஊரில் அம்மாவுக்குப் பணம் அனுப்பச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தான். எல்லோரையும்போல அவனும் நல்ல போன் ஒன்று பார்த்துத் தரச் சொல்லிக் கேட்டிருந்தான். என்னுடையதையே தருகிறேன் என்றேன். விலை 6,000. ஐநூறு ரூபாய் குறைத்ததில் எனக்குத் தாராளப் பெருமை வேறு. இரண்டு சம்பளத்தில் கொடுத்தால் போதும் என்றேன். பேட்டரி நல்லாயிருக்கு, டிஸ்பிளே ஒரிஜினல், தைரியமாக வாங்கு என்றேன். அத்தனையும் உண்மை. அவன் பில் கேட்கவில்லை. என்னிடம் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது; நான் சொன்னால் சரியாக இருக்கும் என்பதுதான் எங்கள் ஷிஃப்டில் பேச்சு.

இரண்டாவது தவணையையும் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு ஒரு நைட் ஷிஃப்டில் வந்து நின்றான். "அண்ணா, டவர் வரல." சிம்மைத் துடைத்துப் போட்டேன், என் சிம்மைப் போட்டுப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை. அவசர அழைப்பு மட்டும் என்று காட்டியது. அவனை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு, வாங்கிய அன்றைக்கு அனுப்பாத அந்த எஸ்.எம்.எஸ்ஸை அப்போது அனுப்பினேன். கறுப்புப் பட்டியலில் இருப்பதாகப் பதில் வந்தது. அழித்துவிட்டேன். டீயோடு வந்தவனிடம், "நெட்வொர்க் ஐ.சி. போயிடுச்சுடா, மாத்தணும்னா மூவாயிரம் கேப்பான், வேஸ்ட்" என்றேன்.

போனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தப் பொய்க்குத்தான் உதவியது. சாதாரண ஆள் சொல்லியிருந்தால் அவன் கடைக்குக் கொண்டுபோய்க் கேட்டிருப்பான். நான் ஐ.சி. என்று சொன்னதும் தலையாட்டிவிட்டான்.

மறுநாள் வீட்டில் கிடந்த பட்டன் போன் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு நன்றி சொன்னான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். எனக்கு இதை எழுதும்போதும் கூசுகிறது.

ஆறாயிரம் ரூபாய்தானே என்று நினைக்கக்கூடும். பணம் அனுப்பும் ஆப்கள், வங்கியில் பதிந்த எண்ணின் சிம் அதே போனில் இருந்தால்தான் பதிவாகும். டவர் இல்லாத போனில் சிம் இருந்தும் பயனில்லை. அறையில் வைஃபை கிடைத்தால் படம் பார்க்கலாம், அவ்வளவுதான். அவன் மறுபடியும் சம்பள நாளில் இன்னொருவனிடம் கையில் காசைக் கொடுத்து, கமிஷனும் கொடுத்து, ஊருக்கு அனுப்பச் சொல்லிக் காத்து நின்றான். நான் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தேன்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் மூன்று வருஷம்வரை சிறை. பழைய ஐ.பி.சி.யில் 411. சட்டம் சொல்லும் அந்தக் காரணம் எனக்குத்தான் இருந்தது: பாதி விலை, பழைய கணக்கு, ட்ரேயில் கிடந்த சிம். அவனுக்கு ஒன்றுமே இல்லை. நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. ஆனால் போலீஸ் தேடி வந்திருந்தால் போனோடு நிற்பது அவன். தமிழ் அரைகுறை, ஊர் ஒடிசா, தங்கியிருப்பது காண்டிராக்டர் கொட்டகையில், கையில் பில் இல்லாத நாற்பதாயிரம் ரூபாய் போன். என்ன விசாரணை நடக்கும் என்று புதுவாயலில் யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த இடத்தில் அவனை நிறுத்தியது நான். தெரியாமல் நடந்துவிடவில்லை, பேப்பரில் படத்தைப் பார்த்த பிறகு, எனக்கு வரவேண்டியதை அவனுக்குக் கைமாற்றினேன்.

ஒப்பந்தம் முடிந்து அவன் ஊருக்குப் போய்விட்டான். போனையும் எடுத்துப் போனான். பிறகு அவன் ஊர்க்காரன் ஒருவன் லீவில் போகும்போது 6,000 ரூபாயைக் கொடுத்தனுப்பினேன். எதற்கு என்று கேட்டானாம். விலையை அதிகமாகப் போட்டுவிட்டேன் என்று சொல்லச் சொல்லியிருந்தேன். அதுவும் பொய். பணம் போய்ச் சேர்ந்தது, உண்மை போகவில்லை. அந்தப் போனை வைத்திருக்காதே என்றாவது சொல்லியனுப்பியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பான்.

போனைப் பறிகொடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. புகார் கொடுக்க அவருக்குச் சில மாதம் ஆகியிருக்கிறது. ஏன் என்றும் தெரியாது. ஸ்டேஷனுக்கு அலைய நேரமில்லாத, என்னைப்போல் ஷிஃப்டில் வேலை செய்கிற யாராகவும் இருக்கலாம். ஐ.எம்.இ.ஐ. எண் என் நோட்டில் இருக்கிறது. அன்று இரவு எஸ்.எம்.எஸ். அனுப்பும்போது குறித்தது. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்வது இன்னும் பாக்கி. போகவில்லை என்பதையும் இந்த வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேன்டீனில் இப்போதும் கேட்கிறார்கள். முன்போல மாடல் பெயரில் ஆரம்பிப்பதில்லை. பில் எங்கே, டப்பா எங்கே, டப்பாவின் மேல் இருக்கும் எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒன்றா என்றுதான் கேட்கிறேன். "இன்னாண்ணே, இரும்புக்குக் கேக்குற மாதிரி கேக்குற" என்று சிரிக்கிறார்கள்.

பழைய போன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காசை எடுப்பதற்கு முன், கடையிலேயே நின்று, 14422-க்கு அந்த எஸ்.எம்.எஸ்ஸை அனுப்புங்கள். பதில் சுத்தமாக வந்தாலும் பில்லை விடாதீர்கள். புகார் இன்னும் பதியாத போனுக்கும் சுத்தமான பதில்தான் வரும். உங்கள் போனை விற்கிறீர்கள் என்றால் கூகுள் கணக்கை நீங்களே நீக்கிவிட்டு, சிம்மை எடுத்துக்கொண்டு, பில்லைக் கூடவே கொடுங்கள். தொலைத்திருந்தால் புகாரை இன்றே பதியுங்கள். பில் கேட்டதும் கடைக்காரர் முகம் மாறினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் போனை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.